எண்ணும் குழந்தையும் காணும் கண்ணும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களென வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. ஆயினும் எழுத்தின்மீது பெற்றோர் காட்டும் அக்கறையை எண்ணின்மீது காட்டுதல் அரிது. "என் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரவில்லையே" என்று வருந்திப் பள்ளிக்கு வரும் தாய்மார் பலர். "என் பிள்ளை எண்ணும்பொழுது எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேட்டு வருவோர் மிகச் சிலர். ஒன்று முதல் நூறு வரை ஒப்பித்துவிட்டால் கணக்கு வந்துவிட்டதென மகிழ்வோரும், ஒப்பிக்கத் தடுமாறினால் "இவன் மண்டையில் கணக்கு ஏறாது" என்று தீர்ப்பளிப்போரும் நம்மிடையே உளர். இவ்விரண்டும் குழந்தையைக் காணாது கூறப்படும் முடிவுகளாகும்.

குழந்தையின் விடையைக் காண்பது எளிது. அவ்விடை பிறந்த வழியைக் காண்பதே அரிது. அவ்வழியைக் கண்டாலன்றி அடுத்த அடியை எடுத்துவைக்க அவனுக்குத் துணைபுரிதல் இயலாது. நம் பாலர் வகுப்பில் பயின்ற ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை ஓராண்டுக் காலம் உற்று நோக்கிக் குறிப்பேட்டில் பதிந்து வந்தோம். அவன் தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். தாயார் உதிரிப்பழம் பொறுக்குபவர். அக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு, இளங்குழந்தை எண்ணறிவு பெறும் வழியை ஈண்டு விளக்குவோம்.

ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு

ஆண்டின் தொடக்கத்திலேயே அச்சிறுவன் ஒன்று முதல் இருபது வரை ஒரே மூச்சில் ஒப்பித்தான். வீட்டில் தாயார் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "தம்பி, ஐந்து ரப்பர் விதைகளை எடுத்துத் தா" என்று ஆசிரியை கேட்டார். அவன் கைப்பிடி நிறைய அள்ளித் தந்தான். அதில் ஒன்பது விதைகள் இருந்தன. "ஒன்று தா" என்றபொழுது ஒன்றைத் தந்தான். "இரண்டு தா" என்றபொழுது இரண்டைத் தந்தான். மூன்று முதல் எதைக் கேட்பினும் ஒரு கைப்பிடிதான் வந்தது.

இஃது அச்சிறுவனுக்கு மட்டும் உரிய குறை அன்று. இவ்வாறு "தா" என்று கேட்டுச் சோதிக்கும் முறையைக் கொண்டு கேரன் வின் என்னும் ஆய்வாளர் 1990ஆம் ஆண்டிலும் 1992ஆம் ஆண்டிலும் ஆய்வுகளை வெளியிட்டார். குழந்தைகள் முதலில் ஒன்று என்னும் சொல்லின் பொருளையும், பல மாதங்கள் கழித்து இரண்டின் பொருளையும், அதன் பின்னர் மூன்றின் பொருளையும் ஒவ்வொன்றாகவே அறிகின்றனர் என்பது அவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. வாய் இருபதை எட்டிய பின்னும் பொருள் இரண்டில் நிற்றல் கூடும்.

அங்ஙனமாயின் ஒப்பித்தல் வீணோ என்று சிலர் வினவலாம். வீணன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்வித்தது பயனற்ற செயலன்று. எண்ணின் பெயர்கள் மாறாத வரிசையில் நாவில் நின்றால்தான் பொருளை எண்ண இயலும். ஆனால் அது வாயில், வீடு அன்று. வாயிலில் நிற்கும் குழந்தையைக் கண்டு வீட்டினுள் வந்துவிட்டான் என்று எண்ணி இருந்துவிடலாகாது.

விரலும் நாவும்

அடுத்து ஏழு விதைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னோம். முதல் முறை எட்டு என்றான். மறுமுறை ஆறு என்றான். விடையை மட்டும் கேட்பவர்க்கு இது வெறும் பிழை. விரலைப் பார்ப்பவர்க்கோ காரணம் விளங்கும். முதல் முறை அவன் நாவு விரலினும் விரைந்து ஓடிற்று. ஒரு விதையின்மீது விரல் நிற்கையில் இரண்டு சொற்கள் வெளிவந்தன. மறுமுறை "ஒன்று" என்னும் சொல்லை நீட்டி ஒலித்தான். அச்சொல் முடிவதற்குள் விரல் இரண்டாம் விதையையும் தொட்டுவிட்டது. எண்ணின் வரிசை அவனுக்குத் தெரியும். விதைகளும் கண்முன் உள்ளன. இரண்டையும் இணைக்கும் பயிற்சியே குறைந்திருந்தது.

எனவே விதையைச் சுட்டுவதற்கு மாறாக ஒவ்வொன்றாக எடுத்துப் பால் டின்னுக்குள் போடச் சொன்னோம். விதை டின்னில் விழும் ஓசையும் எண்ணின் பெயரும் ஒன்றாக ஒலித்தன. போட்ட விதை கண்ணினின்றும் மறைந்தமையால் அதனை மீண்டும் எண்ணும் இடர்ப்பாடும் நீங்கிற்று. மூன்று வாரங்களில் அவன் பத்து வரை பிழையின்றி எண்ணினான்.

ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல் ஆகிய இரு அறிஞர்கள் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், எண்ணுதல் என்னும் செயலுள் ஐந்து நெறிகள் அடங்கியுள்ளன என்று வகுத்துரைத்தனர். அவை வருமாறு:

1. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே உரியது.
2. சொற்களின் வரிசை என்றும் மாறாதது.
3. இறுதியாகக் கூறும் சொல்லே முழுத் தொகையைக் குறிப்பது.
4. விதையாயினும் கைதட்டும் ஓசையாயினும் எதனையும் எண்ணலாம்.
5. எந்தப் பொருளிலிருந்து தொடங்கினும் தொகை மாறாது.

பெரியோராகிய நமக்கு இவை ஐந்தும் ஒன்றாகவே தோன்றும். குழந்தைக்கோ இவை தனித்தனியே ஏற வேண்டிய படிகள். குழந்தை எப்படியில் நிற்கிறான் என்பதை அறிதலே உற்று நோக்குதலின் பயன்.

இறுதிச் சொல்லின் பொருள்

அச்சிறுவன் மூன்றாம் நெறியில் நெடுநாள் நின்றான். ஆறு விதைகளைச் செவ்வனே எண்ணி முடிப்பான். "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேட்டவுடன் மீண்டும் "ஒன்று, இரண்டு" என்று தொடங்குவான். மறுபடியும் கேட்டால் மறுபடியும் எண்ணுவான். எத்தனை என்னும் வினாவை "எண்ணிக் காட்டு" என்னும் கட்டளையாகவே அவன் கொண்டிருந்தான். ஆறு என்பது கடைசி விதையின் பெயர் அன்று, எல்லா விதைகளும் சேர்ந்த கூட்டத்தின் பெயர் என்னும் உண்மை அவனுக்கு இன்னும் புலப்படவில்லை.

இதனை அதட்டிப் புரியவைத்தல் இயலாது. எண்ணி முடித்தவுடன் எல்லா விதைகளையும் கையால் வளைத்துக் காட்டி, "இவை ஆறு" என்று கூறுவதும், "ஆறு பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடு" என்று பங்கிடச் சொல்வதும் பயன் தந்தன. ஒருநாள் உணவு வேளையில், தன் மேசையில் ஐந்து பேர் இருப்பதை எண்ணிக் கண்டு, தானே சென்று ஐந்து கரண்டிகளை எடுத்து வந்தான். மிகுதியும் இல்லை, குறைவும் இல்லை. அன்று நம் குறிப்பேட்டில் எழுதிய வரி ஒன்றே: "ஐந்து என்பதை அறிந்தான்."

நீண்ட வரிசையும் குறுகிய வரிசையும்

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே 1941ஆம் ஆண்டில் குழந்தையின் எண் கருத்தைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். ஒரே தொகையுள்ள இரு வரிசைகளை நேருக்கு நேர் வைத்து, பின்னர் அவற்றுள் ஒன்றைப் பரப்பி நீளமாக்கினால், இளங்குழந்தைகள் நீண்ட வரிசையிலேயே பொருள் மிகுதி என்பர் என அவர் கண்டார். எண் மாறவில்லை என்று உறுதியாகக் கூறும் ஆற்றல் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதளவில் வருகின்றது என்பது அவர் முடிவு.

நம் சிறுவனும் அவ்வாறே கூறினான். ஆறு விதைகள் கொண்ட இரு வரிசைகளும் சமம் என்று ஒப்புக்கொண்டான். ஆசிரியை ஒரு வரிசையை அகலப் பரப்பி மீண்டும் கேட்டவுடன், "இதில்தான் அதிகம், டீச்சர்" என்று நீண்ட வரிசையைக் காட்டினான்.

ஆயினும் அத்துடன் நிறுத்திவிடவில்லை. ஸ்காட்லாந்து நாட்டின் மார்கரெட் டொனால்ட்சன், ஜேம்ஸ் மெக்காரிகிள் ஆகியோர் 1970களில் இச்சோதனையைச் சற்று மாற்றிச் செய்தனர். வரிசையைக் கலைத்தவர் ஆசிரியர் அல்லர். ஒரு குறும்புக் கரடிப் பொம்மை. அங்ஙனம் செய்தபொழுது, எண் மாறவில்லை என்று கூறிய குழந்தைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. ஆசிரியர் தாமே முன்வந்து வரிசையை மாற்றிவிட்டு, முன்னர்க் கேட்ட வினாவையே மீண்டும் கேட்டால், "முன்பு சொன்ன விடையை மாற்ற வேண்டும் போலும்" என்று குழந்தை கருதுவது இயல்பே அன்றோ?

நாமும் துணியால் செய்த குரங்குப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குரங்கின் குறும்பைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. குரங்கு வந்து வரிசையைக் கலைத்து ஓடிற்று. "இப்பொழுது எதில் அதிகம்?" என்று கேட்டோம். "அதே ஆறுதான், டீச்சர். குரங்கு தள்ளிவிட்டது!" என்று கூறிச் சிரித்தான்.

இதனால் பெறப்படும் பாடம் சிறுவர்க்குரியதன்று, நமக்குரியது. விடை பிழையானவுடன் குழந்தைக்குத் தெரியவில்லை என்று துணிதல் கூடாது. நாம் கேட்ட வினாவை அவன் எவ்வாறு கொண்டான் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

விரல் விட்டு எண்ணுதல் குற்றமா?

ஆண்டின் நடுவில் கூட்டல் தொடங்கிற்று. நான்கும் மூன்றும் எத்தனை என்றால் அச்சிறுவன் ஒரு கையில் நான்கு விரல்களையும் மறுகையில் மூன்று விரல்களையும் விரித்து, ஒன்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எண்ணி ஏழு என்பான். விரல் விட்டு எண்ணும் பிள்ளையை அடக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. விரலை மடக்கச் சொன்னால் அவன் மேசைக்கடியில் எண்ணுவான். அதனையும் தடுத்தால் வாய்க்கு வந்ததைக் கூறுவான். அப்பொழுது அவன் வழியும் மறையும். நம் கண்ணுக்கு அவன் சிந்தனையும் மறையும். விரல் என்பது குழந்தையின் மனம் வெளியே தெரியும் சாளரம். அதனை நாமே மூடலாமா?

விரலை விலக்க முயல்வதைவிட, அதனினும் எளிய வழி ஒன்று உண்டென்பதைக் குழந்தையே காணுமாறு செய்தல் நன்று. நான்கு விதைகளை அவன் காணப் பால் டின்னுக்குள் இட்டு மூடிவிட்டோம். மூன்று விதைகளை வெளியே வைத்தோம். மொத்தம் எத்தனை என்று கேட்டோம். மூடிய விதைகளைத் தொட்டு எண்ண வழியில்லை. முதலில் டின்னின் மீது நான்கு முறை தட்டி எண்ணினான். சில நாள் அவ்வாறே செய்தான். பின்னர் ஒருநாள் டின்னின்மீது கையை வைத்து "நான்கு" என்று நிறுத்தி, வெளியே இருந்தவற்றைச் சுட்டி "ஐந்து, ஆறு, ஏழு" என்றான். எவரும் அவனுக்கு அதனைச் சொல்லித்தரவில்லை. மேலும் சில வாரங்களில், இரண்டும் ஏழும் என்றபொழுது ஏழிலிருந்தே தொடங்கி "எட்டு, ஒன்பது" என முடித்தான். சிறிய எண்ணைப் பெரியதன்மேல் ஏற்றுவதே எளிது என்பதைத் தானே கண்டுகொண்டான். விடைத்தாளில் இவை அனைத்துக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆனால் ஒன்றிலிருந்து எண்ணியவனுக்கும் ஏழிலிருந்து எண்ணியவனுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

பத்தும் அதற்கு அப்பாலும்

பத்தைக் கடத்தலில் தமிழ் நமக்குத் துணை நிற்கின்றது. பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து என்னும் சொற்களைச் சற்று நிறுத்திச் சொன்னால், பத்தும் அதன்மேல் ஏறிய எண்ணும் செவிக்கே புலப்படும். ஆங்கிலத்தில் 11, 12 ஆகியவற்றின் பெயர்களில் பத்து வெளிப்படையாகக் கேட்பதில்லை.

தமிழில் இடறும் இடங்களும் உண்டு. இருபத்தொன்பதுக்குப் பின் "இருபத்துப்பத்து" என்று கூறும் பிள்ளை பிழை செய்யினும் ஒரு விதியைக் கண்டுகொண்டவனே. எண்பத்தொன்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு இன்னும் கடினமானது. அச்சொல்லின் முடிவு நூறு என்பதைப்போல் ஒலிப்பதால், அதனை நூற்றுக்கு அப்பாற்பட்டதாகப் பிள்ளைகள் மயங்குவர்.

எழுதுங்கால் வேறொரு மயக்கம் தோன்றும். இருபத்தைந்து என்பதை 205 என்று எழுதும் முதலாம் ஆண்டு மாணவர் பலர். அவர்கள் செவியில் இருபதும் ஐந்தும் கேட்கின்றன. கேட்டவாறே 20ஐயும் 5ஐயும் அடுத்தடுத்து எழுதுகின்றனர். இதற்குச் சிவப்பு மையால் குறுக்குக் கோடிடுவது மருந்தன்று. செம்பனை ஓலையின் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் கையில் கொடுத்தால், 2 என்னும் இலக்கம் கட்டுகளின் தொகை என்பது விளங்கும். பின்னர் அதனைப் படமாக வரையலாம். அதன் பின்னரே இலக்கமாக எழுதலாம். கையால் செய்தல், படத்தால் காணல், குறியால் எழுதல் என்னும் இம்முறை, ஜெரோம் புரூனர் என்னும் அமெரிக்க அறிஞர் 1966ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விளக்கிய கருத்தை ஒட்டியது. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரும் 1980களில் தன் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்தை இதன் வழியே அமைத்தது.

இத்துணை அக்கறை எதற்கு?

1983ஆம் ஆண்டில் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் மலேசியா எங்கும் நடைமுறைக்கு வந்தபொழுது, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் அடிப்படைத் திறன்களாகக் கொள்ளப்பட்டன. 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லினஸ் திட்டமும் தொடக்க ஆண்டுகளிலேயே எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தறிய முற்பட்டது. தொடக்கத்தில் விழும் இடைவெளி ஆண்டுதோறும் அகலும் என்பதே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

ஐந்து வயதில் "மக்கு" என்று பெயர் பெற்ற பிள்ளை அப்பெயரை நம்பிவிடுவான். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவான், வினா எழுப்பமாட்டான், பெருக்கலும் வகுத்தலும் வரும் ஆண்டுகளில் வாய்மூடி அமர்ந்திருப்பான். எண்ணறியாதவன் பிறர் எண்ணிச் சொல்வதை நம்பியே வாழ வேண்டியவனாவான். வெட்டிய குலை எத்தனை, பொறுக்கிய மூட்டை எத்தனை, பிடித்தம் போகக் கைக்கு வரும் வெள்ளி எத்தனை என்பதைத் தானே கூட்டிப் பார்க்க இயலாதவனின் துன்பம் தோட்டத்து மூத்தோர் அறியாததன்று. கூலிச் சீட்டைத் தானே சரிபார்க்கும் கண்ணைத் திறப்பது அன்று எண்ணிய அந்த ஐந்து விதைகளே.

வீட்டில் செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். ஆளுக்கொன்று வந்ததா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைக்கும்பொழுது பிள்ளையையும் எண்ணச் சொல்லுங்கள். பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் எண்ணைக் கையோடு பழக்கும் விளையாட்டுகள். விதைகளையும் புளியங்கொட்டைகளையும் கொடுக்கும்பொழுது, சிறு குழந்தைகள் வாயில் இட்டுக்கொள்ளாதவாறு அருகிருந்து காத்தல் வேண்டும். ரப்பர் விதை உண்ணத் தகாதது.

காசு கொடுத்துக் கணக்குச் சொல்லித்தருவோர்க்கு ஒன்று கூறுவோம். 2008 ஏப்ரல் முதல் கடைகளில் தொகை ஐந்து காசுக்கு ஒட்டி முழுமையாக்கப்படுவதால் ஒரு காசு நாணயம் புழக்கத்தினின்றும் நீங்கிவிட்டது. அக்காலத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு காசாக எண்ணிப் பழகினர். இன்றைய பிள்ளையோ ஒரே நாணயத்தை ஐந்து என்றும் பத்து என்றும் கொள்ள வேண்டியுள்ளது. மூன்று பத்துக் காசு நாணயங்கள் ஓர் ஐம்பது காசு நாணயத்தைவிட அதிகம் என்று அவன் கூறினால் வியப்பில்லை. அவன் நாணயத்தை எண்ணுகிறான், மதிப்பை அன்று. பத்து வரை விதை கொண்டு எண்ணிய பின்னரே காசுக்குச் செல்க.

ராபர்ட் சீக்லர், கீதா ராமணி ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஏழைப் பெற்றோர்க்கு நம்பிக்கை ஊட்டுவது. அமெரிக்காவில் வருவாய் குறைந்த குடும்பங்களின் பாலர் வகுப்புக் குழந்தைகள், 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் கட்டங்கள் வரைந்த பலகையில் காய் நகர்த்தி விளையாடினர். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 நிமிடம். அதன் பயனாக அவர்களின் எண்ணறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. எண்ணுக்கு மாறாக வண்ணங்கள் இட்ட பலகையில் விளையாடியோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. இப்பலகையைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளலாம். காய் 4இல் நிற்க, இரண்டு கட்டம் நகர வேண்டுமாயின், "ஒன்று, இரண்டு" என்னாது "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் செய்க.

மாணவச் செல்வங்களே! மேல் வகுப்பில் பயிலும் நீங்கள் உங்கள் தம்பி தங்கையர்க்கு இவ்விளையாட்டின் ஆசிரியர்கள் ஆகலாம். அவர்கள் தவறாக எண்ணினால் நகையாடாதீர்கள். விடையை முந்திக்கொண்டு கூறாதீர்கள். அவர்களின் விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பெற்றோர்களே! பிரட்டுக்களத்திலிருந்து தொடங்கிய நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் உங்களிடம் நெடுநேரம் கேட்கவில்லை. சோறு ஆறும் வரையிலான கால் மணி நேரம் போதும். "எத்தனை?" என்று கேட்பதோடு நில்லாது, "எப்படிக் கண்டாய், அப்பா?" "எப்படிக் கண்டாய், அம்மா?" என்றும் பிள்ளையை அன்போடு கேளுங்கள். விடை சரியாயினும் கேளுங்கள், பிழையாயினும் கேளுங்கள். அவன் தன் வழியைக் காட்டுவான். நீங்கள் கண்டதை எங்களிடம் வந்து கூறுங்கள். நாங்கள் வகுப்பில் கண்டதை உங்களுக்குக் கூறுவோம். இருவர் கண்ணும் ஒன்றுபட்டுக் காணுமிடத்து எந்தக் குழந்தையும் கணக்கறியாப் பிள்ளையென ஒதுக்கப்படான்.